தம்புராவுக்கு விக்கல் எடுக்கிறதா? கச்சேரிப் பதிவை இடைவெளி விழாமல் கேட்க ஒரு வழிகாட்டி

மாட்டுங்காவில் இருக்கும் என் மாமா போன தீபாவளிக்கு ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாருடா, தம்புராவுக்கு விக்கல் எடுக்கறது" என்றார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், கோயில் உற்சவம் என்று போன இடமெல்லாம் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பதிந்து வைத்த கச்சேரிகள். நாற்பது கேசட் இருக்கும். லாமிங்டன் ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கியிருக்கிறார். காம்போதி ஆலாபனை ஒரு ட்ராக், வயலின் ஒரு ட்ராக், தானம் ஒன்று, பல்லவி ஒன்று, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்று என்று பெயர் எல்லாம் போட்டு ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு ட்ராக் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் தம்புரா ஒரு நொடி செத்துப் பிழைத்தது.

டோம்பிவிலியிலிருந்து ஸ்லோ லோக்கலில் போகும்போது நானும் இதே மாதிரிப் பதிவுகளைத்தான் கேட்கிறேன். அங்கே இது தெரியவே தெரியாது. சக்கரச் சத்தமும் 'புடீல் ஸ்டேஷன்' அறிவிப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால்தான் ஒவ்வொரு இடைவெளியும் பல்லில் கல் கடிபட்ட மாதிரி உறுத்தும்.

சினிமாப் பாட்டில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் பாட்டு முடிந்தால் அமைதி, அப்புறம் அடுத்த பாட்டு. கச்சேரியில் பாடகர் நிறுத்தினாலும் சுருதி நிற்பதில்லை. கைதட்டல், மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் தட்டல், முன்வரிசை இருமல் எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகிறது. ராதா கல்யாண பஜனைப் பதிவு, கஸல், மேடை ராக் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் இடைவெளி எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, பாட்டை மறந்துவிட்டுத் தம்புராவை மட்டும் கேட்பது.

முதலில், எந்த மாதிரி விக்கல்?

எடுத்த எடுப்பில் ஆப்பை மாற்றுவது, ஃபைலை மாற்றுவது என்று இறங்கிவிடாதீர்கள். ஒரே கச்சேரியில் அடுத்தடுத்து வரும் இரண்டு ட்ராக்கை எடுங்கள். நடுவில் கைதட்டல் இல்லாத, பாட்டு தொடர்ந்து ஓடும் இணைப்பாக இருந்தால் நல்லது. ஆலாபனையிலிருந்து வயலினுக்கு மாறும் இடம் எனக்கு வசதி. முதல் ட்ராக்கின் கடைசிப் பத்து விநாடிக்கு நகர்த்தி, வயர் வைத்த இயர்ஃபோனில் (ப்ளூடூத் வேண்டாம், அதற்கு அப்புறம் வருவோம்) இணைப்பைத் தாண்டும்வரை கேளுங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்தால் என்ன நடக்கிறது என்று காது சொல்லிவிடும்.

கண் இமைக்கும் நேரம்கூட இல்லாத ஒரு சின்ன 'டிக்' என்றால் பெரும்பாலும் கோளாறு ஃபைலுக்குள் இருக்கிறது. அரை விநாடி, ஒரு விநாடி என்று தெளிவாக அமைதி விழுந்தால் ஃபைல் மேல் பழி போடாதீர்கள். ஆப்போ, காரில் இருக்கும் ஸ்டீரியோவோ ஒரு ஃபைலை முழுசாக மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறது என்று அர்த்தம். இடைவெளி இல்லாமல் சத்தம் மட்டும் சட்டென்று கூடினாலோ குறைந்தாலோ, அது ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி செய்யும் வேலை. இரண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கேட்டால் க்ராஸ்ஃபேட். ட்ராக்கின் முடிவில் ஒலி மெல்லத் தேய்ந்து, அடுத்ததில் மெல்ல எழுந்தால் யாரோ வெட்டும்போதே ஃபேட் போட்டுவிட்டார்கள், அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. மாமாவின் பென்டிரைவில் முதல் இரண்டு வகையும் கைகோத்துக்கொண்டு இருந்தன.

எம்பி3 ஏன் இப்படிச் செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். எம்பி3 இசையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிறது. ஒரு பொட்டலத்தில் 1152 சாம்பிள், அதாவது ஒலியை அடுத்தடுத்து அளந்து எடுத்த 1152 புள்ளி. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் ஒரு பொட்டலம் சுமார் 26 மில்லிவிநாடி. அரைக் கிலோ பாக்கெட் மட்டுமே விற்கிற கடையில் ஒன்றேகால் கிலோ சர்க்கரை கேட்டால் எப்படி? உங்கள் ட்ராக் பொட்டலம் நிரம்புகிற இடத்தில் முடியாது, அதனால் கடைசியில் மிஞ்சும் இடத்தை வெறும் அமைதியால் நிரப்பிவிடுகிறார்கள். தொடக்கத்திலும் இதே போல் ஒரு வெற்றிடம் சேர்கிறது. லேம் என்ற, எல்லாரும் பயன்படுத்தும் என்கோடர் (ஒலியை எம்பி3 ஆக்கும் மென்பொருள்) வழக்கமாக 576 சாம்பிள் தாமதிக்கிறது, திறக்கும்போது டிகோடர் (எம்பி3-யைத் திரும்ப ஒலியாக்குவது) இன்னும் 529 சேர்க்கிறது. ஆக 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிவிநாடி, ஒவ்வொரு ட்ராக்கின் முன்னாலும் வெற்று ஒலி. பின்னால் இருக்கும் நிரப்பலையும் சேர்த்துக் கொண்டால் அந்த 'டிக்' எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

லேம் இதைச் செய்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. முன்னால் இத்தனை சாம்பிள் வெற்று, பின்னால் இத்தனை என்று ஃபைலின் தலையிலேயே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து, அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த ஃபைலை முன்கூட்டியே திறந்து தயாராக வைத்திருக்கும் ப்ளேயரைத்தான் கேப்லெஸ் ப்ளேயர் என்கிறோம். பழைய என்கோடர்கள் சில இந்தக் குறிப்பை எழுதுவதே இல்லை. அப்படிப்பட்ட ஃபைல் கிடைத்தால் எவ்வளவு நல்ல ப்ளேயருக்கும் எங்கே வெட்டுவது என்று தெரியாது.

ஐஃபோன் உலகத்து ஏஏசி ஃபைலிலும் இதே கதை, பொட்டலம் மட்டும் 1024 சாம்பிள். ஆப்பிள் தன் குறிப்பைத் தன் பாணியில் எழுதி வைக்கிறது. ஆக் வார்பிஸ், ஓபஸ் என்ற வடிவங்கள் இரண்டும் ட்ராக்கின் சரியான நீளத்தைத் தாங்களே குறித்துக்கொள்கின்றன. ஃப்ளாக், வேவ் இரண்டிலும் இந்த நிரப்பலே கிடையாது, உள்ளே போட்டது எத்தனை சாம்பிளோ வெளியே வருவதும் அத்தனையே. கச்சேரிப் பதிவை யாராவது எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் ஃப்ளாக் என்று சொல்லுங்கள். வேவில் பாதியோ கொஞ்சம் கூடுதலோ இடம் பிடிக்கும், ஒலியில் ஒன்றும் குறையாது.

ப்ளேயரைச் சரி செய்வது

விண்டோஸில் நான் ஃபூபார்2000 தவிர வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை. பார்க்க அரசாங்க அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும், ஆனால் போட்டவுடன் எந்த செட்டிங்கும் தொடாமலே இடைவெளி இல்லாமல் ஓட்டும். லினக்ஸில் டெட்பீஃப் அல்லது ஆடேஷியஸ். மேக்கிலும் ஐஃபோனிலும் கூடவே வரும் மியூசிக் ஆப் போதும். விஎல்சி எல்லாவற்றையும் திறக்கும், நானும் படம் பார்க்க அதைத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் இந்த வேலைக்கு அதன் பக்கம் போக வேண்டாம். ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப், மியூசிகோலெட், ஃபூபாரின் மொபைல் பதிப்பு மூன்றில் எது பிடிக்கிறதோ அது.

ஆப் மாற்றியபின் செட்டிங்ஸில் ஒரு நடை போய் வாருங்கள். க்ராஸ்ஃபேடும் கேப்லெஸும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஒன்று இல்லை. க்ராஸ்ஃபேட் ஒரு ட்ராக்கின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிவிடுகிறது. கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு போடுவதற்குச் சரி. தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே கேட்கிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்: விநாடிக்கு ஒரு அட்சரம் என்று போகும் ஆதி தாளத்தில் ஐந்து விநாடி க்ராஸ்ஃபேட் வைத்தால் எட்டில் ஐந்து எண்ணிக்கை காணாமல் போகிறது. அப்புறம் கோர்வை முடிந்து பாடகர் எடுப்பில் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்) எடுக்கும்போது நம் கை வேறெங்கோ இருக்கும், பிழை வித்வானுடையது என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே க்ராஸ்ஃபேட் சுழியத்தில் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபையில் கேட்கிறீர்கள் என்றால் செட்டிங்ஸில் ப்ளேபேக் பகுதிக்குப் போய் கேப்லெஸை ஆன் செய்து, க்ராஸ்ஃபேடையும் ஆட்டோமிக்ஸையும் அணைத்துவிடுங்கள்.

அமைதியைத் தாண்டிச் செல்லும் வசதி சில ஆப்பில் இருக்கும், பாட்காஸ்ட் கேட்பவர்களுக்காக வைத்தது. அதையும் அணைக்க வேண்டும். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தை எல்லாம் அது விழுங்கிவிடும். ஷஃபிளைச் சொல்லவே வேண்டாம். தனியைக் கேட்டுவிட்டு ஆலாபனைக்குப் போகிற ஷஃபிளை நானே ஒருமுறை அனுபவித்தேன்.

ஒலி அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். ரீப்ளேகெயின் என்று ஒரு வசதி ஒவ்வொரு ட்ராக்கின் சராசரிச் சத்தத்தை அளந்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆலாபனை அடங்கிய சத்தம், தனி ஆவர்த்தனம் பெரிய சத்தம். இரண்டையும் ஒரே அளவாக்கினால் ட்ராக் மாறும் நொடியில் தம்புரா திடீரென்று ஒரு படி இறங்கும் அல்லது ஏறும். இதைத் தடுக்க, ட்ராக் அளவில் இல்லாமல் ஆல்பம் அளவில் சமப்படுத்தச் சொல்ல வேண்டும். முழுக் கச்சேரிக்கும் ஒரே ஆல்பம் பெயர் கொடுத்து, ஃபூபாரில் ஆல்பமாக ஸ்கேன் செய்து, ப்ளேபேக் செட்டிங்கிலும் ஆல்பம் என்று தேர்ந்தெடுத்தால் கச்சேரியின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும்.

வரிசைப் பிரச்சினை சில்லறை விஷயம், ஆனால் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டுவது இதில்தான். ஃபைல் பெயரை 1, 2, 3 என்று தொடங்கினால் பல கருவிகள் 1, 10, 11, 2 என்று ஓட்டும். 01, 02 என்று எழுதுங்கள், ட்ராக் எண்ணையும் டேகில் (ஃபைலுக்குள் பாட்டின் பெயர், ஆல்பம் எழுதும் இடம்) போடுங்கள்.

ஆப் சரி, ஃபைல் சரி, இன்னும் இடைவெளி விழுகிறது என்றால்

ஃபைல்களின் சாம்பிள் விகிதத்தைப் பாருங்கள். ஒரே கச்சேரியில் பாதி 44,100-லும் மீதி 48,000-லும் இருந்தால், வெளியே வைத்திருக்கும் டிஏசி (எண்களை ஒலியாக மாற்றும் கருவி) ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன்னைப் புதிதாகச் சரிசெய்துகொள்ளும், அப்போது ஒலி ஒரு கணம் அறுந்துபோகும். பாதிப் பதிவு ஒருவரிடமிருந்தும் பாதி இன்னொருவரிடமிருந்தும் வந்து சேரும்போது இது அடிக்கடி நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் மட்டும் இடைவெளி, வயரில் இல்லை என்றால் ஆப்பும் ஃபோனும் அந்த நொடியில் ஒலி ஓட்டத்தையே நிறுத்தித் திரும்பத் தொடங்குகின்றன. வேறு ஆப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் என் யோசனை. கார் ஸ்டீரியோவில் பென்டிரைவைச் சொருகிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்த செட்டிங்கும் கை கொடுக்காது. அதற்கு ஒரே மருந்து, கச்சேரி முழுவதையும் ஒரே ஃபைலாக ஆக்குவது.

ஒரே ஃபைலாக ஒட்டுவது

இங்கேதான் அவசரப்பட்டு எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். எம்பி3 ஜாய்னர் என்று இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றில் ஐந்து ஃபைலையும் போட்டு ஒட்டினால், ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் இருந்த வெற்று ஒலியும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். அதுவரை நல்ல ப்ளேயர் வெட்டி எறிந்துகொண்டிருந்த குப்பை இப்போது பதிவின் நடுவிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. மாமாவிடம் முதலில் நான் கொடுத்தது இப்படி ஒட்டியதைத்தான். அவர் கேட்டுவிட்டு, "விக்கல் சின்னதாயிருக்கு, நிக்கலை" என்றார்.

சரியான வழி இது. ஃபூபாரில் எல்லா ட்ராக்கையும் வரிசையாகப் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது க்ளிக் செய்து கன்வெர்ட்டுக்குப் போங்கள். சேமிக்கும் இடத்தைக் கேட்கும் பகுதியில், எல்லா ட்ராக்கையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும் விருப்பம் இருக்கும், அதை எடுங்கள். வடிவம் ஃப்ளாக். முதல் தடவை என்றால் ஃப்ரீ என்கோடர் பேக் என்ற துணைப் பொதியைத் தனியாக இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபூபார் ஒவ்வொரு எம்பி3-யையும் குறிப்பைப் படித்து, வெற்று ஒலியை நீக்கிவிட்டுத்தான் ஒட்டும். எம்பி3-யில் ஏற்கெனவே போன தரம் ஃப்ளாக் ஆக்கினால் திரும்பி வராது, அந்த ஆசை வேண்டாம். ஆனால் புதிதாக எதுவும் போகாது. கார் ஸ்டீரியோ ஃப்ளாக் படிக்காவிட்டால் ஒட்டிய ஃபைலிலிருந்து 192 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரக் கச்சேரி சுமார் 260 எம்பி வரும்.

ஒரே ஃபைலில் தனிக்கு மட்டும் தாவ முடியாதே என்றால் அதற்குக் க்யூ ஷீட் இருக்கிறது. நோட்பேடில் எழுதக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த உருப்படி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று நிமிடம், விநாடி, ஃப்ரேம் கணக்கில் எழுதினால் ஃபூபார் அதைத் தனித்தனி ட்ராக் மாதிரியே காட்டும், உள்ளே ஃபைல் ஒன்றுதான் என்பதால் இடைவெளிக்கு இடமே இல்லை. ஃப்ரேம் என்பது சிடிக் கணக்கு, விநாடிக்கு 75, ஆகவே 0 முதல் 74 வரைதான் எழுதலாம். தமிழில் பெயர் எழுதினால் யூடிஎஃப்-8 என்று சேமிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காம்போதி கட்டம் கட்டமாகத் தெரியும்.

நீங்களே பதிந்து வெட்டுகிறவர் என்றால்

சபாவில் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்துப் பதிவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வீட்டு நவராத்திரி, குழந்தையின் அரங்கேற்றம், அனுமதி கேட்டுப் பதிந்த கோயில் கச்சேரி, இவைதான்.

கையடக்க ரெக்கார்டர்கள் சில 2 ஜிபி ஆனதும் ஃபைலை மூடிவிட்டு அடுத்ததைத் தானே தொடங்கும். 24 பிட், 48,000 என்று வைத்தால் அது இரண்டு மணி நான்கு நிமிடத்தில் வரும், மூன்று மணி நேரக் கச்சேரியில் பிரதான உருப்படியோ தனியோ நடக்கிற நேரம். பயப்பட வேண்டாம், ஒழுங்கான ரெக்கார்டர் நடுவில் எதையும் விடாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் ஒன்றன் வாலில் மற்றதை ஒட்டி வைத்தால் போதும்.

அப்புறம் வெட்டும் இடங்களைக் குறிப்பது. ஒவ்வொரு உருப்படியும் தொடங்கும் இடத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-பி அடித்தால் ஒரு லேபிள் விழும், அதில் பெயரை எழுதுங்கள். கைதட்டல் முந்தின ட்ராக்கோடு போகட்டும், அடுத்த உருப்படிக்கு முன் வெறும் தம்புரா மட்டும் ஒலிக்கும் ஓரிரு விநாடியில் குறி விழுந்தால் தனியாகக் கேட்டாலும் அழகாக இருக்கும். சிடி எரிக்கும் எண்ணம் இருந்தால் கர்சர் சிடி ஃப்ரேமில் மட்டும் நிற்கும்படி ஸ்னாப் செட்டிங்கை மாற்றுங்கள்: ஒரு ஃப்ரேம் 588 சாம்பிள், ட்ராக்கின் நீளம் அதன் மடங்காக இல்லாவிட்டால் எரிக்கும் மென்பொருள் மிச்சத்தை அமைதியால் நிரப்பும், திரும்பவும் அதே 'டிக்'. எரிக்கும்போதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் (சிடி முழுவதையும் ஒரே மூச்சில் எரிப்பது), ட்ராக் இடைவெளி சுழியம் என்று வைக்க வேண்டும். ட்ராக்-அட்-ஒன்ஸ் ஒவ்வொரு ட்ராக்குக்கும் நடுவில் இரண்டு விநாடி அமைதியைப் போட்டுவிடும்.

லேபிள் எல்லாம் போட்டபின், லேபிள்படி பல ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள், ஃப்ளாக்கில். ட்ராக்கின் ஓரங்களில் ஃபேட் போடாதீர்கள். அழகுக்கு என்று அந்தக் கடைக்காரர் செய்த வேலையால் மாமாவின் இரண்டு கேசட் என்ன செய்தும் சேரவில்லை. ஒலி சுழியத்தைத் தொடும் இடம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றும் சிலர் சொல்வார்கள், இங்கே தேவையே இல்லை, அடுத்த சாம்பிள் அடுத்த ஃபைலில் அப்படியே தொடர்கிறது.

கேசட்டில் இருந்து வந்த பதிவில் ஒரு இடைவெளி மட்டும் எப்போதும் இருக்கும். 90 நிமிடக் கேசட்டில் 45-வது நிமிடம் டேப்பைத் திருப்பிப் போட்ட இடம். அந்த அரை நிமிடம் எங்கேயும் பதியப்படவில்லை. ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காமல், இரண்டு பக்கத்தையும் இரண்டு ஃபைலாகவே விட்டுவிடுங்கள். மாமாவின் காம்போதிப் பல்லவி அப்படித்தான் அனுலோமத்துக்கு (தாளம் மாறாமல் பல்லவியை வேறு வேகங்களில் பாடும் பகுதி) நடுவில் நிற்கிறது. அந்த இடம் வந்தால் அவர் இப்போதும் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே, "இங்கதான் நான் கேசட்டைத் திருப்பினேன்" என்கிறார்.